சோறு கிடைத்துவிடும், பையை எங்கே வைப்பது? (வீடில்லாமல் இருந்த 44 ராத்திரி)

சாத்தூரான்:

போன வாரம் இன்னொரு இழையில் "ரோட்டில் படுத்திருப்பவர்களுக்குச் சாப்பாடு கொடுக்கலாமா, காசு கொடுக்கலாமா" என்று பெரிய சண்டை ஓடியது. நான் அதில் எதுவும் எழுதவில்லை. எழுதி எழுதி மூன்று தடவை அழித்தேன். இன்று எழுதிவிடுகிறேன்.

2014 நவம்பர் 4 முதல் டிசம்பர் 17 வரை, 44 ராத்திரி, சென்னை சென்ட்ரலைச் சுற்றித்தான் படுத்தேன். பிச்சை எடுக்கவில்லை. குடிக்கிறவன் இல்லை. ஆஃப்செட் பிரஸ்ஸில் பிளேட் போடுகிற வேலை, திருவல்லிக்கேணியில் ஒரு மேன்ஷனில் ரூம். முதலாளிக்குக் கடன் முற்றி, ஒரு நாள் காலையில் போனால் மெஷின் இல்லை, பேங்க்காரர்கள் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். எனக்கு இரண்டு மாதச் சம்பளம் பாக்கி. மேன்ஷனில் எனக்கும் இரண்டு மாத வாடகை பாக்கி. மேனேஜர் கெட்டவர் இல்லை, பத்து நாள் பொறுத்தார். அப்புறம் வேறு பூட்டு தொங்கியது. பையை மட்டும் வெளியே எடுத்து வைத்திருந்தார்.

ஊருக்குப் போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். தை மாதம் தங்கச்சிக்கு நிச்சயம் வைத்திருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டில் அப்பா சொல்லியிருந்த ஒரே பெருமை, "பையன் மெட்ராஸில் பிரஸ்ஸில் இருக்கான்" என்பதுதான்.

எழும்பூரில் படுக்கலாம் என்றுதான் முதல் நாள் போனேன். விடியற்காலையில் தெக்கத்தி ரயில்கள் வரிசையாக வந்து நிற்க, நம்ம ஊர்ப் பேச்சுக் காதில் விழுந்ததும் வெலவெலத்துவிட்டது. யாராவது "ஏலே, நீ இன்னார் மகன்தானே" என்று கேட்டுவிட்டால்? அன்றைக்கே சென்ட்ரலுக்கு மாறினேன். அங்கே இறங்குகிறவனுக்கு என் முகம் தெரியாது.

ஸ்டேஷனுக்குள் ராத்திரி முழுக்க இருக்க முடியாது. பிளாட்பாரம் டிக்கெட் அப்போது 5 ரூபாய், இரண்டு மணி நேரம்தான் செல்லும். அதனால் எதிரே ஜி.எச். அரசுப் பொது மருத்துவமனையில் நோயாளிக்குத் துணைக்கு வந்தவர்கள் நூற்றுக்கணக்கில் வராந்தாவிலும் மரத்தடியிலும் படுத்திருப்பார்கள். அவர்களோடு படுத்தால் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். கேட்டாலும் ஒரே கேள்விதான், "யாருக்கு உடம்புக்கு முடியல?" அப்பாவுக்கு என்று சொல்லிவிட்டேன். சொல்லும்போது வாய் கூசியது. சாத்தூரில் அவர் நன்றாக நடமாடிக்கொண்டிருந்தார்.

சோற்றுக்குக் கஷ்டப்படவில்லை, இதை அழுத்திச் சொல்கிறேன். அம்மா உணவகத்தில் இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் 5, தயிர் சாதம் 3, ராத்திரி இரண்டு சப்பாத்தி 3 ரூபாய். காலையில் ஐந்து இட்லி சாப்பிட்டாலும் ஒரு நாளைக்கு 16 ரூபாயில் முடிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை என்றால் பொட்டலம் வந்து குவியும். யாராவது தலைவருக்குப் பிறந்தநாள் என்றால் பிரியாணியே வரும். ஒரே ராத்திரியில் நாலு பொட்டலம் வாங்கி, வைக்க இடமில்லாமல், காலையில் ஊசிப்போய்க் கொட்டியிருக்கிறேன். செவ்வாய்க்கிழமை ஒருத்தரும் வர மாட்டார்கள்.

கஷ்டம் பைதான்.

பை தோளில் இருந்தால் வேலை கேட்டுப் போக முடியாது. பையோடு போகிறவனை வாட்ச்மேனே உள்ளே விட மாட்டார். ஸ்டேஷன் க்ளோக் ரூமில் வைக்கலாம் என்றால் பயண டிக்கெட் கேட்பார்கள், பைக்குப் பூட்டு இருக்க வேண்டும். ராத்திரி தலைக்கு வைத்துப் படுத்தாலும் பாதித் தூக்கம்தான். வெள்ளைச் சட்டை ஒன்று, சர்டிபிகேட், ஆதார். இந்த மூன்றும் போனால் நான் போனேன்.

வால்டாக்ஸ் ரோடு பக்கம் ஒரு டீக்கடை. மலையாளத்துக்காரர், எல்லோரும் சேட்டன் என்பார்கள். அவருடைய கடையில் நாலு நாள் தொடர்ந்து காலையில் டீ குடித்தேன். ஐந்தாம் நாள் அவரே, "பையை அந்த பெஞ்ச் அடியில தள்ளிட்டுப் போ, ராத்திரி பத்து மணிக்குள்ள எடுத்துக்கோ" என்றார். ஏன் எதற்கு என்று கேட்கவில்லை.

இதைப் படித்துவிட்டு அவரை வள்ளல் என்று நினைத்துவிடாதீர்கள். 44 நாளில் ஒரு டீ கூட அவர் எனக்குச் சும்மா கொடுத்ததில்லை. ஒரு நாள் கடன் சொன்னேன். முறைத்துவிட்டு நோட்டை எடுத்து எழுதினார். அந்த நோட்டில் என் பெயரைப் பார்த்தபோது எனக்கு எப்படி இருந்தது என்பதைச் சரியாகச் சொல்ல வரவில்லை. நாளைக்கும் வருவேன், காசு கொடுப்பேன் என்று ஒரு ஆள் நம்பி எழுதி வைத்திருக்கிறார், அவ்வளவுதான்.

பெரிய உதவி அதற்கப்புறம்தான். என் போனை பர்மா பஜாரில் 600 ரூபாய்க்கு விற்றிருந்தேன், சிம் மட்டும் பர்ஸில் இருந்தது. அவருடையது இரண்டு சிம் போடுகிற போன். ஒரு இடம் காலியாக இருந்தது. "உன் சிம்மக் கொண்டா" என்று வாங்கித் தன் போனில் போட்டுக்கொண்டார். அன்றிலிருந்து எனக்கு ஒரு நம்பர் இருந்தது. பிரஸ் பிரஸ்ஸாக ஏறி அந்த நம்பரை எழுதிக் கொடுத்தேன். அம்மா போன் பண்ணினால் அவர் எடுத்து, "மெஷின்ல நிக்கிறார்மா, சத்தத்துல கேக்காது, அப்புறம் பேசச் சொல்றேன்" என்று மலையாளம் கலந்த தமிழில் அடித்துவிடுவார். அம்மா இன்று வரைக்கும் அவரை என் மேனேஜர் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்.

டிசம்பரில் காலண்டர், டைரி சீசன். அம்பத்தூர் பக்கம் ஒரு பிரஸ்ஸில் ராத்திரி ஷிப்ட்டுக்கு அவசரமாக ஆள் தேவைப்பட்டு அந்த நம்பருக்கு அழைத்தார்கள். படுக்க பிரஸ் மாடியிலேயே இடம். முடிந்தது கதை.

ஜி.எச்.சில் ஒரு கிழவி இருந்தது. அதைப் பற்றி அப்புறம் எழுதுகிறேன், பேத்தி டியூஷன் முடிந்து வருகிற நேரம். (அண்ணன் பேத்தி. எனக்கு அவ்வளவு வயசாகவில்லை.)

வெட்டிவேர்:

மெஷின்ல நிக்கிறார்மா!! படிச்சிட்டு சிரிச்சேன், அடுத்த வரில தொண்டை அடைச்சிருச்சு. கிழவி கதையைச் சீக்கிரம் எழுதுங்கண்ணே.

கணக்குப்பிள்ளை:

நல்ல எழுத்து. ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபப்படக்கூடாது. உங்களுக்கு ஊரில் வீடு இருந்தது, அப்பா அம்மா இருந்தார்கள். எழும்பூரில் அன்ரிசர்வ்டில் ஏறினால் காலையில் சாத்தூர். ஆக நீங்கள் வீடில்லாதவர் இல்லை. வீட்டுக்குப் போக வெட்கப்பட்டவர். இரண்டையும் ஒன்றாக்கினால் நிஜமாகவே போக்கிடம் இல்லாதவர்களுக்கு அநியாயம்.

சாத்தூரான்:

கணக்குப்பிள்ளை, கோபமெல்லாம் இல்லை. நீங்கள் சொல்வது முக்கால்வாசி சரி. கால்வாசி எங்கே தவறு என்றால், அங்கே படுத்திருந்தவர்களில் பாதிப் பேர் என்னைப் போலத்தான். ஒருத்தர் அண்ணன் தம்பி பாகப்பிரிவினையில் கோபித்துக்கொண்டு வந்து பதினொரு வருஷம். வந்த அன்று அவரும் அடுத்த வாரம் திரும்பிவிடலாம் என்றுதான் இருந்திருப்பார். எனக்கு 44, அவருக்கு பதினொரு வருஷம். இரண்டுக்கும் நடுவில் ஒரு டீக்கடை போன்தான்.

பூக்கூடை:

நான் இந்தத் தளத்தில் சமையல் பக்கத்தில் மட்டும் எழுதுகிறவள். இங்கே எழுதுவது முதல் தடவை.

சாத்தூரான் அண்ணா, உங்களுக்குப் பை. எங்களுக்கு ராத்திரி. பொம்பளை ராத்திரியில் படுக்கவே முடியாது. உட்கார்ந்துதான் இருக்க வேண்டும்.

2017இல் ஆறு வயசுப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு வீட்டை விட்டு வந்தேன். காரணம் எல்லாம் இங்கே வேண்டாம். கோயம்பேடு பஸ் ஸ்டாண்டில் ஒன்பது நாள். நான்தான் எங்கேயோ ஊருக்குப் போகிற மாதிரி நடிப்பேன். மதுரை பஸ் நிற்கிற இடத்தில் கொஞ்ச நேரம், சேலம் பஸ் நிற்கிற இடத்தில் கொஞ்ச நேரம். ஒரே இடத்தில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் யாராவது வந்து, "எங்கம்மா போகணும், நான் ஏத்தி விடட்டா" என்று அன்பாகக் கேட்பார்கள். பொம்பளைக்கு ராத்திரி பன்னிரண்டு மணிக்கு முன்பின் தெரியாதவன் அன்பாகப் பேசினால் முதலில் வருவது பயம். அவர்களில் யாராவது நிஜமாகவே நல்லவர்களாகவும் இருந்திருக்கலாம். அதைக் கண்டுபிடிக்கிற சோதனையை மகளை மடியில் வைத்துக்கொண்டு செய்ய முடியாது.

பஸ் ஸ்டாண்டில் தாய்ப்பால் ஊட்டும் அறை உண்டு, 2015இல் வந்தது. கைக்குழந்தைக்காரிகளுக்குத்தான். அங்கே கூட்டித் துடைக்கிற அக்கா என் மகளைப் பார்த்துவிட்டு, "இது இன்னும் பால் குடிக்குதா?" என்றார். நான் பதில் சொல்லவில்லை. "சரி குடிக்குதுன்னே வச்சுக்குவோம், உள்ள போயி கதவச் சாத்து" என்றார். மூன்று ராத்திரி அங்கேதான் கண்ணை மூடினேன்.

நாலாம் நாள் அவரே பூ மார்க்கெட்டுக்குக் கூட்டிப்போனார். விடியற்காலை மூன்று மணிக்கு அங்கே பகல் மாதிரி இருக்கும். வெளிச்சம், லாரி, சத்தம், எங்கே பார்த்தாலும் பொம்பளைகள். உட்கார்ந்து பூ கட்டினேன். கட்டுக்கு இவ்வளவு என்று கூலி. எனக்குக் கூலியைவிட அந்த வெளிச்சம்தான் பெரிசு. மகள் சாமந்திக் கூடைகளுக்கு நடுவில் சாக்கு மேல் தூங்குவாள்.

இப்போது நன்றாக இருக்கிறோம். அவள் எட்டாவது. சாமந்தி வாசனை வந்தால் தூக்கம் வருகிறது என்கிறாள்.

வெட்டிவேர்:

அக்கா. 🙏

கிழக்கு_லண்டன்:

நான் லண்டனிலை இருந்து எழுதுறன். இதை வாசிச்சுப்போட்டு நித்திரை வரேல்லை.

எனக்கு 2010 குளிர் காலத்திலை நடந்தது. அசைலம் கேஸ் (அகதியா ஏற்கச் சொல்லிக் கேக்கிற வழக்கு) அப்பீலும் றிஜெக்ட் ஆனாப் பிறகு, தனி ஆள் எண்டால் 21 நாளிலை அறையை விட்டு வெளிக்கிட வேணும். வேலை செய்யவும் அனுமதி இல்லை. திரும்பிப் போக ஒப்புக்கொண்டு கையெழுத்து வைச்சால் ஏதோ உதவி கிடைக்கும், 2009இலை ஊரிலை சண்டை முடிஞ்ச கையோடை ஆர் வைப்பினம்? சொந்தக்காரர் ஒரு வீட்டிலை ரெண்டு கிழமை இருந்தன். பிறகு அவையின்ரை முகம் மாறத் துடங்கிட்டுது. அவையைக் குற்றம் சொல்லேல்லை, ரெண்டு அறைக்குள்ளை ஆறு பேர்.

அந்த நேரம் 25ஆம் நம்பர் பஸ் ஒக்ஸ்போர்ட் சேர்க்கஸிலை இருந்து இல்ஃபோர்ட் வரைக்கும் 24 மணித்தியாலமும் ஓடினது. அப்ப அது நடுவிலை மடியிற நீட்டு பஸ். பின் கதவாலை ஏறினால் டிரைவருக்கு முகம் காட்டத் தேவையில்லை. அதிலை படுக்கிற ஆக்கள் கனபேர். பிரச்சினை என்னெண்டால் இல்ஃபோர்ட்டிலை கடைசித் தரிப்பிலை எல்லாரும் இறங்க வேணும், அடுத்த பஸ் வெளிக்கிடுமட்டும் குளிருக்குள்ளை நிக்க வேணும். ஒரு இரவு நான் எழும்பேல்லை. டிரைவர் வந்து பார்த்தார். தலைப்பா கட்டின பெரியவர். ஒண்டும் கதைக்கேல்லை. லைட்டை நூத்துப்போட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு, தான் மட்டும் இறங்கிப் போய் வெளியிலை தேத்தண்ணி குடிச்சார். பத்து நிமிசம் இருக்கும். என்ரை வாழ்க்கையிலை அப்பிடி ஒரு நித்திரை நான் கொண்டதில்லை.

பிறகு சேர்ச்சுகள் சேர்ந்து நடத்திற குளிர்காலக் காப்பகம் கிடைச்சுது. ஏழு சேர்ச், கிழமைக்கு ஏழு இரவு, ஒவ்வொரு இரவும் ஒவ்வொரு சேர்ச் மண்டபம். நல்ல சனம், சுடச்சுடச் சாப்பாடு. ஆனால் காலமை எல்லாத்தையும் தூக்கிக்கொண்டு வெளிக்கிட வேணும். சாத்தூரான் அண்ணை சொல்லுற பை இருக்கே, அது லண்டனிலும் அதே பைதான். பகல் முழுக்க லைப்ரரியிலை காலுக்குள்ளை வைச்சுக்கொண்டு பேப்பர் வாசிக்கிற மாதிரி இருப்பன்.

இராக்காவல்:

நான் மாநகராட்சிக் காப்பகம் ஒன்றில் ஏழு வருஷம் வேலை பார்த்தவன். எந்தக் காப்பகம், எந்த அமைப்பு என்றெல்லாம் சொல்லவில்லை. சில விஷயங்களைத் தெளிவாக்க வேண்டியிருக்கிறது.

காப்பகம் என்பது யாருடைய தர்மமும் இல்லை. உணவு உரிமை வழக்கு என்று 2001இல் தொடங்கிய வழக்கில், டெல்லிக் குளிரில் ஆட்கள் செத்ததை ஒட்டி 2010 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கேள்வி கேட்க ஆரம்பித்தது. நகரங்களில் ஒரு லட்சம் மக்கள்தொகைக்கு ஒரு காப்பகமாவது இருக்க வேண்டும், ராத்திரி மட்டுமில்லாமல் 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும் என்பது அதில் வந்தது. 2013இல் மத்திய அரசின் நகர்ப்புற வாழ்வாதாரத் திட்டத்தில் இதற்கென்றே ஒரு பகுதி சேர்ந்தது. அதில் ஆளுக்கு 50 சதுர அடி என்று கணக்கு. சாமான் வைக்கத் தனி லாக்கர் வேண்டும் என்பதும் இந்த மாதிரிக் காப்பகங்களில் பேசப்படுகிற விஷயம்தான். சாத்தூரான் எழுதியதைப் படித்ததும் எனக்கு நினைவு வந்தது அந்த லாக்கர். நாங்கள் இருந்த இடத்தில் பீரோ ஒன்று இருந்தது, சாவி வார்டனிடம். ஒருத்தரும் அதில் எதையும் வைத்ததில்லை. அவரவர் சாவி அவரவரிடம் இருந்தால்தான் வைப்பார்கள். இது எங்களுக்குப் புரியவே இரண்டு வருஷம் ஆனது.

"காப்பகம் இருக்கே, ஏன் போக மாட்டேங்கிறாங்க" என்று எல்லோரும் கேட்பார்கள். ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி, சிறுவர்களுக்குத் தனி. யானைகவுனி, பிராட்வே பக்கம் மூன்று தலைமுறையாக நடைபாதையில் இருக்கிற குடும்பங்கள் உண்டு. அவர்களிடம் போய்ப் புருஷன் ஒரு இடம், பெண்டாட்டி ஒரு இடம், பையன் ஒரு இடம் என்றால் வருவார்களா? அவர்களை வீடற்றோர் என்று சொன்னாலே கோபம் வரும். "எங்க வூடு இதான், கூரைதான் இல்ல" என்பார்கள். மீன்பாடி வண்டி, மூட்டை, கேட்டரிங், எல்லோருக்கும் பிழைப்பு அங்கேயே இருக்கிறது. அந்த இடத்தை விட்டு நாலு கிலோமீட்டர் தள்ளிக் காப்பகம் என்றால் விடியற்காலை வேலைக்கு எப்படி வருவது?

இன்னொன்று பயம். பிச்சை தடுப்புக்கு இங்கே இருப்பது 1945ஆம் வருஷச் சட்டம். மேல்பாக்கம் (பிச்சைக்காரர்களைக் கொண்டுபோய் வைக்கிற அரசு இல்லம்) என்ற பெயரைச் சொன்னாலே வயசானவர்கள் எழுந்து நடக்க ஆரம்பித்துவிடுவார்கள். பிடித்துக்கொண்டுபோய் அங்கே போட்டுவிடுவார்கள் என்ற பேச்சு தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. டெல்லியில் பிச்சை எடுப்பதைக் குற்றமாக்கிய பிரிவுகளை 2018இல் அங்குள்ள உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. நாங்கள் ராத்திரி ஜீப்பில் போய் இறங்கினால் பாதிப் பேர் ஓடிவிடுவார்கள். அப்புறம் ஜீப்பை விட்டுவிட்டு சைக்கிளில் போக ஆரம்பித்தோம்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பிப்ரவரி 28 ராத்திரியை வீடில்லாதவர்களை எண்ண ஒதுக்கினார்கள். நாடு முழுக்க 17.7 லட்சம் பேர். ஆனால் சாத்தூரான் மாதிரி ஜி.எச்.சில் துணைக்கு வந்த ஆளாகப் படுத்திருப்பவரையும், பூக்கூடை அம்மா மாதிரி மதுரை பஸ்ஸுக்குக் காத்திருப்பவரையும் யார் போய் எண்ணுவார்கள்? அவர்களே மறைந்துகொள்கிறார்கள்.

கணக்குப்பிள்ளை:

இதுதான் நான் எதிர்பார்த்தது. டீக்கடைக்காரர் நல்லவர், துடைக்கிற அக்கா நல்லவர், பஸ் டிரைவர் நல்லவர் என்று பேசிப் பேசி, அரசாங்கம் செய்ய வேண்டியதைச் சேட்டன் தலையில் கட்டிவிடுகிறோம். அந்தச் சேட்டன் அன்றைக்குக் கடை திறக்காவிட்டால்?

சாத்தூரான்:

மறுக்கவில்லை. ஓணத்துக்கு அவர் ஊருக்குப் போயிருந்தால் என் கதை வேறாகியிருக்கும். (ஓணம் செப்டம்பரில் முடிந்திருந்தது. என் நல்ல நேரம்.)

ஆனால் ஒரு காப்பக வார்டன் என் அம்மாவிடம் பொய் சொல்லியிருப்பாரா என்றும் யோசிக்கிறேன்.

இராக்காவல்:

சொல்லியிருக்கிறோம். நிறைய.

கடலூர்க்காரி:

எங்க பக்கம் வடலூர் இருக்கு. வள்ளலார் 1867இல் மூட்டின தருமச்சாலை அடுப்பு, இன்னும் அணையாம எரியுது. போய் உட்கார்ந்தா இலை போடுவாங்க, யார் எந்த ஊர்னு கேக்க மாட்டாங்க. கேக்காம இருக்கறதுதான் பெரிய விஷயம்னு இந்த இழையைப் படிச்சதும் தோணுது. சேட்டனும் கேக்கல, அந்த அக்காவும் கேட்டுட்டு பதிலுக்கு நிக்கல, டிரைவரும் கேக்கல.

சாத்தூரான்:

உண்மை. வள்ளலார் "பசித்திரு, தனித்திரு, விழித்திரு" என்றார். பிளாட்பாரத்தில் படுத்தால் மூன்றும் தானாக நடக்கும், சாமியாராக வேண்டியதில்லை.

ஞாயிறு_அன்னம்:

நாங்க ஆறு நண்பர்கள் சேர்ந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் 80 பொட்டலம் கொடுக்கிறோம். நாலு வருஷமா. அண்ணன் எழுதினதைப் படிச்சதும் ஒரு மாதிரி ஆயிருச்சு. கொட்டினேன்னு எழுதியிருக்கீங்க. நாங்க செய்றது வேஸ்ட்டா?

சாத்தூரான்:

தம்பி, வேஸ்ட் இல்லை. ஒரு ஞாயிறு மழையில் அம்மா உணவகம் வரைக்கும் நடக்க முடியாமல் கிடந்தபோது உங்களை மாதிரி யாரோ கொடுத்த தக்காளி சாதம்தான் சாப்பிட்டேன். பாதியைச் செவ்வாய், புதனுக்கு மாற்றுங்கள். போட்டோ எடுக்காதீர்கள், அது ரொம்ப முக்கியம். ஒரு தடவை ஃப்ளாஷ் அடித்ததும் முகத்தை மூடிக்கொண்டேன். "நன்றி கெட்டவன்" என்று ஒரு பையன் சொல்லிவிட்டுப் போனான். எனக்கோ அது பேஸ்புக்கில் வந்து சாத்தூர் வரைக்கும் போய்விடுமோ என்ற பயம்.

அப்புறம் ஒன்று, சிரிக்காதீர்கள். ஜட்டி. சட்டை கொடுப்பார்கள், வேட்டி கொடுப்பார்கள், கம்பளி கொடுப்பார்கள். ஜட்டி யாரும் கொடுக்க மாட்டார்கள். கட்டணக் கழிப்பிடத்தில் குளித்துவிட்டு ஈரத்தையே திரும்பப் போட்டுக்கொண்டு கார்த்திகை மழையில் நடந்தால் தொடையெல்லாம் புண். ஷேவிங் பிளேடு, துண்டு, பூட்டோடு ஒரு சின்னப் பை.

பூக்கூடை:

நாப்கின். இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள் தம்பி. கொடுக்கும்போது கூட ஒரு பெண்ணை அழைத்துப் போங்கள். ராத்திரி யாராவது பெண் தனியாகத் தவிப்பதைப் பார்த்தால் நீங்களே போய்ப் பேச வேண்டாம், பெண்கள் உதவி எண் 181க்கு அழையுங்கள். நான் இருந்தபோது அந்த எண் இங்கே இன்னும் வரவில்லை.

மட்டுறுத்துநர்:

பின்னூட்டம் ஒன்று நீக்கப்பட்டது. "உழைக்க வக்கில்லாதவர்கள்" வகைப் பேச்சுக்கு இங்கே இடமில்லை. இழை தொடரலாம்.

வெட்டிவேர்:

நீக்கினது நல்லதுதான், ஆனா பதில் சொல்லணும்னு கை துறுதுறுங்குது. இராக்காவல் அண்ணே எழுதியிருக்காரே, மூட்டை தூக்குறவங்க, வண்டி இழுக்குறவங்கன்னு. கல்யாண மண்டபத்துல நமக்கு இலையில பாயசம் ஊத்துறவர் ராத்திரி எங்க படுக்கிறார்னு நாம கேட்டதுண்டா?

சாத்தூரான்:

நானே ஊற்றியிருக்கிறேன். கார்த்திகையில் ஏழு முகூர்த்தத்துக்குப் பரிமாறப் போனேன். அங்கே ஒரு நல்லது, கறுப்புப் பேன்ட், வெள்ளைச் சட்டை அவர்களே கொடுத்துவிடுவார்கள். மார்கழி பிறந்ததும் முகூர்த்தம் நின்றுவிட்டது. அம்பத்தூர் போன் வந்தது மார்கழி இரண்டாம் தேதி. ஒரு வாரம் தள்ளியிருந்தால் ஐந்து இட்லிக்கும் காசு இருந்திருக்காது.

புளியமரத்தடி:

தாமதமாக வருகிறேன். பை, பை என்று படித்ததும் எனக்குச் சுமைதாங்கிக் கல் நினைவுக்கு வந்தது. எங்கள் ஊர் எல்லையில் ஒன்று இன்னும் நிற்கிறது. இரண்டு கல் நட்டு, மேலே ஒரு கல்லைக் குறுக்காகப் போட்டிருப்பார்கள். சரியாகத் தோள் உயரம். தலைச்சுமைக்காரன் யாருடைய கையையும் எதிர்பார்க்காமல் தானே இறக்கி வைத்து, தானே தூக்கிக்கொள்ளலாம். பிள்ளைத்தாய்ச்சியாக இறந்த பெண்ணின் நினைவாக வீட்டார் நடுவது வழக்கம். அவள் இறக்கி வைக்காமல் போன சுமைக்கு ஈடாக.

சென்ட்ரல் எதிரிலேயே வழிப்போக்கர் தங்க சர் ராமசாமி முதலியார் சத்திரம் என்று ஒன்று கட்டியிருந்தார்கள். ஜி.எச். வராந்தாவில் படுத்த சாத்தூரானுக்கு அது கூப்பிடு தூரம்.

கிழக்கு_லண்டன்:

சுமைதாங்கி எங்கடை ஊரிலும் இருந்தது. பக்கத்திலை ஆவுரோஞ்சிக் கல், மாடு முதுகு உரஞ்ச. மாட்டுக்கும் யோசிச்சிருக்கினம்.

ஞாயிறு_அன்னம்:

சாத்தூரான் அண்ணா, இந்த வாரம் 40 பொட்டலம் புதன்கிழமை கொடுத்தோம். வால்டாக்ஸ் ரோட்ல ஒரு பெரியவர் வாங்கலை. "வோட்டர் ஐடிக்கு வழி பண்ணு, சோறு நானே பாத்துக்கறேன்"ன்னார். அட்ரஸ் இல்லாம எப்படி வாங்குறது?

இராக்காவல்:

வாங்கலாம். தேர்தல் ஆணைய விதியிலேயே இருக்கிறது. படிவம் 6இல் அவர் படுக்கிற இடத்தையே முகவரியாக எழுத வேண்டும். வாக்குச்சாவடி அலுவலர் ராத்திரி நேரில் வந்து, அவர் நிஜமாகவே அங்கே படுக்கிறாரா என்று பார்ப்பார், ஒரு ராத்திரிக்கு மேல். படுத்திருந்தால் வேறு முகவரிச் சான்று கேட்கக்கூடாது. எங்கள் ஆட்கள் சிலருக்கு வாங்கிக் கொடுத்தோம். அலுவலர் வருகிற ராத்திரி எங்கேயும் போகாதே என்று சொல்லி வைக்க வேண்டும். ஒருத்தர் அன்றைக்குப் பார்த்து ஜோராக ஷேவ் பண்ணி, சட்டையெல்லாம் தேய்த்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வந்தவர் அவரைத் தாண்டிப் போய்விட்டார்.

வெட்டிவேர்:

🤦 சாத்தூரான் அண்ணே, கிழவி எங்கே? இருபது பின்னூட்டத்துக்கு மேல ஆச்சு.

சாத்தூரான்:

எழுதுகிறேன்.

செய்யாறு பக்கத்துக் கிழவி. புருஷனுக்குக் கிட்னி. வராந்தாவில் என் பக்கத்துத் தூணடியில் கோரைப்பாய் விரித்திருக்கும். வந்த முதல் நாளே கேட்டது, "யாருக்குப்பா?" அப்பாவுக்கு என்றேன். எந்த வார்டு என்றது. வாயில் வந்த நம்பரைச் சொன்னேன். அது பிரசவ வார்டா, எலும்பு வார்டா, எனக்கே தெரியாது. கிழவி ஒன்றும் சொல்லவில்லை.

தினமும் சாயங்காலம் கேட்கும், "அப்பாரு எப்படி இருக்காரு?" நானும் சொல்வேன். இன்றைக்குக் கஞ்சி குடித்தார், இன்றைக்கு எழுந்து உட்கார்ந்தார் என்று. சொல்லிச் சொல்லி எனக்கே அப்படி ஒருத்தர் உள்ளே இருப்பது போல ஆகிவிட்டது. ஒரு நாள் அவர் மோசமாக இருக்கிறார் என்று சொன்னேன். அன்றைக்கு எனக்கே மோசமான நாள், இரண்டு பிரஸ்ஸில் வாசலோடு அனுப்பிவிட்டார்கள். கிழவி என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரியாப் பூடும், அவரு கெட்டியான ஆளு" என்றது. கெட்டியான ஆள் என்று அதற்கு எப்படித் தெரியும்?

இருபது நாள் இருந்திருக்கும். புருஷனை டிஸ்சார்ஜ் பண்ணி ஆட்டோவில் ஏற்றும்போது மூட்டை முடிச்சைத் தூக்கிக் கொடுத்தேன். கிழவி பாயைச் சுருட்டி என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னது, "அப்பாருக்கு நான் கேட்டன்னு சொல்லு. பொங்கலுக்கு முன்னாடி ஊட்டுக்குப் போயி அவரப் பாரு."

வார்டுக்குப் போய்ப் பார் என்று சொல்லவில்லை.

பூக்கூடை:

முதல் நாளே தெரிந்திருக்கிறது அண்ணா.

கணக்குப்பிள்ளை:

பொங்கலுக்குப் போனீர்களா?

சாத்தூரான்:

போனேன். நிச்சயமும் நல்லபடியாக முடிந்தது. அப்பாவிடம், செய்யாறிலிருந்து ஒரு அம்மா உங்களைக் கேட்டார்கள் என்றேன். "எனக்கு செய்யாற்றில் யாரையும் தெரியாதே" என்று ராத்திரி வரைக்கும் யோசித்துக்கொண்டிருந்தார்.

வெட்டிவேர்:

அந்தப் பாயை வச்சிருக்கீங்களா?

சாத்தூரான்:

இல்லை. அம்பத்தூர் பிரஸ் மாடியில் எலி கடித்துவிட்டது. ஓரத்தில் துணி வைத்துத் தைத்து கொஞ்ச நாள் ஓட்டினேன். 2019இல் வீடு மாறும்போது மனைவி தூக்கிப் போட்டுவிட்டாள். அவளுக்கு அப்போது இந்தக் கதை தெரியாது.